விட்டுப்போன பதினான்கு வரிசைகள்

எங்கள் ஆல்டர்விக் தேவாலயக் கோபுரத்தில் எட்டு மணிகள் தொங்குகின்றன. எட்டுக் கயிறு, கயிற்றுக்கு ஓர் ஆள். பாட்டு எதுவும் நாங்கள் அடிப்பதில்லை, வரிசைதான். சின்ன மணி முதலில், பெரிய மணி கடைசியில் என்று மாடிப்படியில் இறங்கி வருவதுபோல ஒரு வரிசை அடிப்போம். அடுத்த வரிசையில் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாறிக்கொள்ளும். அதற்கடுத்ததில் மறுபடி மாறும். ஒருமுறை அடித்த வரிசையை இன்னொரு முறை அடிக்கக் கூடாது. எங்களுக்கு இருக்கிற சட்டம் அது ஒன்றுதான், ஆனால் அதை நாங்கள் மீறுவதில்லை.

இரண்டு மணி இருந்தால் இரண்டு வரிசை. மூன்றுக்கு ஆறு. நான்குக்கு இருபத்துநான்கு. விரல்விட்டு எண்ணி இவ்வளவு தூரம்தான் வரலாம். ஐந்துக்கு நூற்றிருபது, ஆறுக்கு எழுநூற்றிருபது, ஏழு மணிகளுக்கு வரும்போது ஐயாயிரத்து நாற்பது. ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தால் அது முழுச்சுற்று. மூன்று மணி நேரம் ஆகும். எட்டாவது பெரிய மணி இந்தக் கணக்கில் சேராது. ஒவ்வொரு வரிசையும் முடிகிற இடத்தில் அது ஒருதரம் விழும், அவ்வளவே. அதையும் கணக்கில் சேர்த்தால் நாற்பதாயிரத்து முந்நூற்றிருபது வரிசையாகிவிடும். நாங்கள் அடிக்கிற வேகத்துக்கு அது சரியாக ஒரு பகலும் ஓர் இரவும். சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இருக்கிறதே!

ஹெஸ்டருக்கு ஐயாயிரத்து நாற்பது என்றால் உயிர். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். நான் அதே சமையலறையில் பாத்திரம் கழுவினேன். ஒருநாள் பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஐவி, ஐயாயிரத்து நாப்பது பிஸ்கட் இருந்தா எத்தன புள்ளைங்க வந்தாலும் கவலை இல்லடி. ஒருத்தன் வந்தாலும் சரி, பத்துப் பேர் வந்தாலும் சரி, நடுவுல எந்த எண்ணிக்கையா இருந்தாலும் சரி, உடைக்காம சரிசமமா பங்கு போட்டுடலாம்."

"பதினோராவது ஒருத்தன் வந்தா?"

"ரெண்டு மிஞ்சும். அந்த ரெண்டுக்குத்தான் ஊர்ல சண்டையே. பன்னெண்டாவது ஒருத்தனையும் கூப்பிட்டுக்கோ, மறுபடி சரியாயிடும்."

அப்படிப்பட்டவள் சும்மா இருப்பாளா? அந்த ஐயாயிரத்து நாற்பதையும் கோத்து வருவதற்குத் தானே ஒரு புது வழி கட்டினாள். இரண்டு வருடம் ஆனது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் சனிக்கிழமை பிற்பகல், அதை நாங்கள் எட்டுப் பேர் அடித்து முடித்தோம். ஹெஸ்டர் நான்காவது கயிற்றில் நின்று வழி சொன்னாள். நான் இரண்டாவது. பெரிய மணியில் ஆமோஸ். முதல் கயிற்றில், சின்ன மணியில், ஆமோஸின் மனைவி தர்ஸா.

தர்ஸாவுக்கு மூச்சு போதாது. முழுச்சுற்றெல்லாம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு அடிச்சுட்டு வீட்ல உக்காந்துக்கறேன்" என்று சொல்லி வந்தாள். அடித்து முடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டக்கூடக் கை வராமல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த பிப்ரவரியில் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது.

அவளுடைய ஒரே முழுச்சுற்று அது. கயிற்றறைச் சுவரில் கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் அதை எழுதி மாட்டினோம். நாள், ஐயாயிரத்து நாற்பது வரிசை, எட்டுப் பேர். முதல் பெயர் தர்ஸா, கடைசிப் பெயர் ஆமோஸ். பலகையைத் திருகி மாட்டியதும் ஆமோஸ்தான். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. வலது தோள் போய்விட்டது, கயிறு பிடித்து ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஐம்பத்திரண்டு படி ஏறி வந்து, பலகைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் அடிப்பதைக் கேட்பார். இறங்கும்போது பலகையின் அடிவிளிம்பை ஒரு விரலால் துடைத்துவிட்டு இறங்குவார்.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், போன இலையுதிர் காலத்தில் பக்கத்து மாவட்டத்து மணிக்காரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். ஹெஸ்டர் கட்டிய வழியைத் தாங்களும் அடிக்க ஆசைப்படுகிறார்களாம், ஒரு பிரதி கிடைக்குமா என்று. ஹெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டு, அலமாரி மேலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினாள்.

டப்பாவில் சீட்டுகள். அவள் அந்த வழியைச் சரிபார்த்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சின்ன மணி முதல் இடத்தில் கிளம்பி, வரிசைக்கு ஓர் இடமாக நகர்ந்து ஏழாவது இடத்துக்குப் போகும். அங்கே இரண்டு வரிசை நிற்கும். பிறகு வந்த வழியே முதல் இடத்துக்குத் திரும்பும். இந்தப் போக்குவரவுக்குப் பதினான்கு வரிசை. அது ஒரு கட்டு. முந்நூற்றறுபது கட்டு சேர்ந்தால் ஐயாயிரத்து நாற்பது. ஒவ்வொரு கட்டும் எந்த வரிசையில் தொடங்குகிறது என்று கட்டுக்கு ஒரு சீட்டாக, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் ஹெஸ்டர் எழுதி வைத்திருந்தாள். விடுமுறையில் அவற்றைச் சாப்பாட்டு மேசைகள்மேல், இரண்டாவதாக வரும் மணியைப் பொறுத்து, ஆறு குவியலாகப் பரப்பினாள். குவியலுக்கு அறுபது. ஒரே மாதிரி இரண்டு சீட்டு இல்லையென்றால் வழி உண்மை. இருந்தால் பொய்.

டப்பாவைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டினாள். தட்டி அடுக்கும்போது அவள் கை நின்றது.

"இங்க வாடி. இந்தச் சீட்டு தடியா இல்ல?"

நான் வாங்கித் தடவிப் பார்த்தேன். ஒரு சீட்டு இல்லை, இரண்டு. நடுவில் பழைய சர்க்கரைப் பாகு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. எங்கள் சமையலறையில் வியாழக்கிழமைதோறும் பாகு ஊற்றிய கேக். விரல் நகத்தால் நெம்பினேன். தகடுபோலப் பிரிந்தது. இரண்டிலும் ஒரே எண் வரிசை.

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐவி, எனக்கு இப்ப ஞாபகம் வருது. அன்னிக்கு எண்ணினப்போ முந்நூத்தி அம்பத்தொம்பதுதான் இருந்துச்சு. ஒரு குவியல்ல மட்டும் ஒண்ணு குறைஞ்சுது. அடுப்புக்குக் கீழ பறந்துபோயிருக்கும்னு நெனச்சேன். அந்த அடுப்பு எத்தன முழுங்கியிருக்கு!"

"சரி?"

"எது காணோம்னு கண்டுபிடிக்கறது ஒரு பெரிய வேலையா? மத்ததெல்லாம் கையில இருக்கே. கால் மணி நேரம் உக்காந்தேன், எது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. புதுசா ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். எல்லாம் வேற வேற. முந்நூத்தி அறுபது. சரின்னுட்டு டப்பாவ மூடிட்டேன்."

குவியலுக்குள் கைவிட்டுத் தேடி ஒன்றை எடுத்தாள். மற்றதெல்லாம் நீல மையில் இருந்தன. இது பச்சைப் பென்சிலில் இருந்தது. சமையலறைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கிய பென்சில்.

1 5 3 7 2 6 4.

"தொலைஞ்சது இல்லடி இது. என் வழியில இது வரவே இல்ல. ஒரு கட்டு ரெண்டு தடவ வந்துடுச்சு, இந்தக் கட்டு வரல. பாகு ஒட்டினதால எண்ணிக்கை குறைஞ்சுது, நான் அந்த ஓட்டைய அடைச்சுட்டேன். எண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை எனக்கு. முந்நூத்தி அறுபதுதான் இருக்கணும், குறைஞ்சா என் அடுப்பு மேலதான் தப்புன்னு."

நான் என்ன சொல்ல? "சீட்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண் போட்டிருக்கக் கூடாதா?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அத முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி சொல்றது!"

தேநீர் ஆறிப்போனது. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். பொய் என்று தெரிந்த முழுச்சுற்று எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் பொய்தான். பதிவேட்டில் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். பலகையை இறக்க வேண்டும். இந்த நாட்டில் எந்தக் கோபுரத்திலும் அதுதான் வழக்கம்.

எங்கள் கோபுரத்துக்குச் செயலாளர் கிளெமென்ட். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் அழித்து எழுதுகிறவர். பயிற்சிக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்று சீட்டையும் பார்த்தார். பிறகு அவற்றை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார்.

"இத யார் யார் பாத்தீங்க?"

"நாங்க ரெண்டு பேரு. இப்ப நீங்க."

"அப்ப முடிஞ்சுது. கேட்டு எழுதினவங்களுக்கு, தாள் தொலைஞ்சுபோச்சு, மன்னிக்கணும்னு எழுதிப் போடுங்க."

ஹெஸ்டர் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கிளெமென்ட், போன வருஷம் நான் மூணு நிமிஷம் தாமதம்னு சொன்னத நீங்க ரெண்டே முக்கால்னு திருத்துனீங்க."

"அது வேற."

"எப்படி வேற?"

"அத யாரும் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு இல்ல." அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "சொல்றதக் கேளுங்க, ஹெஸ்டர். அவருக்கு எண்பத்தி ரெண்டு. அவர் காலம் வரைக்கும் அது அங்க இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே இறக்கறேன். பதிவேட்டையும் என் கையால அடிச்சு எழுதறேன். யாருக்கு நஷ்டம்?"

கிளெமென்ட் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஹெஸ்டர் மட்டும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தர்ஸா அன்னிக்கு மூச்சு வாங்கிட்டே கடைசிவரைக்கும் நின்னா. என் எண்ணு சரியா இருக்கும்னு நம்பித்தான் நின்னா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவரு அந்தப் பலகையத் தொடுவாரு, நான் பாத்துட்டு நிக்கணும். என்னால முடியாது, கிளெமென்ட். உங்களால முடியுமா?"

அவர் டப்பாவைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நானும் ஹெஸ்டரும் ஆமோஸ் வீட்டுக்குப் போனோம். பின்கதவு திறந்திருந்தது. மேசையில் ஆப்பிள் தோல் சுருள்சுருளாகக் கிடந்தது. தோள் வலியால் இடது கையால் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பொண்ணுங்களா" என்றார். எழுபதைத் தாண்டிய எங்களைப் பொண்ணுங்களா என்று கூப்பிட இனி உலகத்தில் அவர் ஒருவர்தான். "ஆப்பிள் கேக் ஒண்ணு அடுப்புல இருக்கு. வெந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு. மேல கொஞ்சம் கருகியிருக்கும், கண்ண மூடிட்டுத் தின்னுங்க."

ஹெஸ்டர் உட்காராமலே சொல்லிவிட்டாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. பாகு, சீட்டு, பச்சைப் பென்சில், தன் தப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பதினான்கு வரிசை இரண்டு தடவை, பதினான்கு வரிசை ஒருதடவையும் இல்லை.

ஆமோஸ் கத்தியை மேசையில் வைத்தார்.

"அப்ப அது முழுச்சுற்று இல்ல."

"இல்ல, ஆமோஸ்."

"பலகை?"

ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "இறக்கணும்."

அவர் ஆப்பிள் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அவ பேரு ரெண்டு இடத்துலதான் எழுதியிருக்கு. ஒண்ணு கல்லறைக் கல்லுல. அங்க நிக்கவே எனக்குப் பிடிக்காது. ஈரம், காத்து. இன்னொண்ணு அங்க, கோபுர மாடியில." பிறகு ஹெஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன் வந்து சொன்ன? சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்."

"பின்ன?"

"உங்ககிட்ட என்னால பொய்ய வெச்சுக்க முடியல."

அடுப்பிலிருந்து கருகல் வாசம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "போங்க. ரெண்டு பேரும் போங்க. எனக்கு வேலை இருக்கு" என்றார். நான்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். தன் வீட்டு வாசலில் ஹெஸ்டர், "எண்ணு எண்ணுன்னு அலைஞ்சேன் பாரு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆமோஸ் வரவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது. எங்கள் மணிகளும் அன்று ஒழுங்காக விழவில்லை. கிளெமென்ட் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை மாலை பயிற்சிக்குக் கூடியிருந்தோம். படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று. ஆமோஸ். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே பலகைக்குப் போனார்.

"ஆமோஸ், இதுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே" என்றார் கிளெமென்ட்.

"மாட்டினது நான். கழட்டறதும் நான்தான்." கீழே இருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். மேலே கை போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திருப்புளியை நீட்டினார். "மேல ரெண்டையும் நீ கழட்டு, கிளெமென்ட். தோளு ஏற மாட்டேங்குது. மெதுவா. தங்கம் உதிரும்."

கிளெமென்ட் நாற்காலிமேல் ஏறிக் கழற்றினார். குழந்தையை இறக்குவதுபோல இரண்டு கையாலும் பலகையை இறக்கி ஆமோஸின் மடியில் வைத்தார். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக நின்றது.

ஆமோஸ் பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தபடியே கேட்டார். "ஹெஸ்டர், நான் மூணு நாளா ஒண்ணு யோசிச்சேன். சின்ன மணி ஒரு கட்டுல எத்தன தடவ கடைசிக்கு வரும்? என் மணிக்கு முன்னாடி இடத்துக்கு?"

"ரெண்டு தடவ."

"முந்நூத்தி அறுபது கட்டுக்கு?"

"எழுநூத்தி இருபது."

"அன்னிக்கு எழுநூத்தி இருபது தடவ என் பக்கத்துல வந்து நின்னா. நான் எண்ணினேன்."

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே சொன்னார்:

"உங்களுக்கெல்லாம் வரிசை மாறிட்டே இருக்கும், ஞாபகம் வெச்சுக்கணும். எனக்கு என்ன வேலை? எல்லாரும் முடிச்சதும் ஒண்ணு போடணும். மூணு மணி நேரம் நான் வேற எதத்தான் எண்றது? அவ வர்றத எண்ணினேன். அவ எப்பவும் அங்க வர்றப்போ கொஞ்சம் தாமதமாத்தான் வருவா. நீகூடத் திட்டுவ."

"'தர்ஸா, கடைசில இழுத்தடிக்காத'ன்னு கத்துவேன்" என்றாள் ஹெஸ்டர்.

"நான் அந்தத் துளி நேரம் என் மணிய நிறுத்தி வெச்சுப்பேன். அவ வந்ததும் போடுவேன். எழுநூத்தி இருபது தடவ. அதுல ஒண்ணும் பொய் இல்லையே?"

"இல்ல, ஆமோஸ். அது எல்லாம் நடந்தது."

"அப்பப் பலகைல எழுதினதுதான் தப்பு. அவ வந்தது தப்பில்ல. அது போதும் எனக்கு." பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார். "இன்னொண்ணு கேக்கணும். அந்த விட்டுப்போன பதினாலு. அதை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

ஹெஸ்டர் யோசிக்கவே இல்லை. "நிமிஷத்துக்கு இருபத்தெட்டு வரிசை. அர நிமிஷம்."

"அர நிமிஷம் என் தோள் தாங்கும்."

ஒரு முழுச்சுற்றின் மிச்சத்தை முப்பத்தொரு வருடம் கழித்து அடித்து முடிக்க முடியாது. அதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. கிளெமென்டுக்கு அது நன்றாகவே தெரியும். அவர்தான் முதலில் எழுந்துபோய்ப் பெரிய மணியை ஆட்டி ஆட்டி, எங்கள் மணிகள் கிளம்புகிற விதத்தில் வாய் மேலே பார்க்கத் தலைகீழாக ஏற்றி, ஆமோஸுக்காகத் தயாராக நிறுத்திக் கொடுத்தார். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் கை நீட்டியபடி நின்றுகொண்டார், கயிறு இழுத்துக்கொண்டு போனால் பிடிப்பதற்கு.

சின்ன மணிக் கயிற்றை யார் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஆமோஸ் என் பக்கம் தலையை அசைத்தார். "ஐவி, நீ பிடி, கண்ணு. நீதான் அன்னிக்கு அவளுக்குப் பக்கத்துல நின்ன."

ஹெஸ்டர் பச்சைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் கயிற்றுக்குத் திரும்பினாள். நாங்கள் என்றைக்கும் மாடிப்படி வரிசையில் தொடங்கி மாடிப்படி வரிசையில்தான் முடிப்போம். நடுவிலிருந்து ஆரம்பிப்பது எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. சட்டைப் பொத்தானை நடுவிலிருந்து போடுவது மாதிரி கை தடுமாறியது. ஐந்தாவது மணிக்காரர், "எனக்கு ரெண்டாவதா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆனால் முதல் அடி சின்ன மணியுடையது, கடைசி அடி பெரிய மணியுடையது. அது மட்டும் எப்போதும்போலவே இருந்தது.

"பாருங்க" என்று, சின்ன மணிக்காரர் வழக்கமாகக் குரல் கொடுப்பதுபோல, நான் கயிற்றைப் பிடித்துச் சொன்னேன். "போறேன்." இழுத்தேன். "போயிட்டேன்."

ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு, இரண்டு, ஆறு, நான்கு. பெரிய மணி. கோபுரம் லேசாக ஆடியது. ஆமோஸ் கையால் அந்த மணி விழுவதை ஆறு வருடம் கழித்துக் கேட்கிறேன். அடுத்த வரிசையில் நான் இரண்டாவது. அடுத்ததில் மூன்றாவது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருவரைத் தாண்டி ஒருவராக அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். சரியான இடத்தில், அளவெடுத்தாற்போல அடித்தேன். பின்னாலேயே அவருடைய மணி விழுந்தது.

இன்னொரு அடி அங்கே பாக்கி இருந்தது. ஆமோஸ் என்னைப் பார்க்கவில்லை. என் கயிற்றைத்தான் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கயிற்றை மேலே ஒரு துளி நேரம் கூடுதலாகப் பிடித்து நிறுத்தினேன். முறையாக அடிக்கிறவர் யாரும் செய்யாத காரியம். ஹெஸ்டர் கத்துவாள் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அவள் கத்தவில்லை. பெரிய மணி காத்திருந்தது. நான் அடித்தேன். அதற்கப்புறம் அவர் போட்டார்.

பிறகு வந்த வழியே, ஆறு, ஐந்து, நாலு என்று அவரிடமிருந்து விலகி முதல் இடத்துக்குத் திரும்பினேன். பதினான்காவது வரிசையின் கடைசி அடி ஆமோஸுடையது.

"போதும்!" என்றாள் ஹெஸ்டர்.

கிளெமென்ட் கையை நீட்டியபடியே நின்றார். கயிற்றைப் பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆமோஸ் தானே மணியை நிறுத்தினார். தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரிப்பு இருந்தது.

"ஐவி, மொத தடவ ரொம்பச் சரியா வந்துட்ட. அது நீ. ரெண்டாவதுதான் அவ."

நான் கயிற்றைச் சுருட்டுவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிளெமென்ட் பதிவேட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், மூடி வைத்தார். "எழுத ஒண்ணும் இல்ல" என்றார், யாரும் கேட்காமலே. ஹெஸ்டர் பச்சைச் சீட்டை ஆமோஸின் மேல்சட்டைப் பையில், திருப்புளிக்குப் பக்கத்தில் செருகினாள். பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கு உண்மையையே எழுதப்போவதாகவும், வழியைத் திருத்திக் கட்டினால் அனுப்புவதாகவும் சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் ஆகலாமாம். ஆகட்டும்.

இறங்குவதற்கு முன்னால் ஆமோஸ் சுவரின் வெளுத்த சதுரத்தை ஒருமுறை பார்த்தார். விரலால் தொடவில்லை.

"இப்ப எழுநூத்தி இருபத்தி ரெண்டு" என்றார்.

ஹெஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. "அது ஒண்ணுக்கும் உதவாத எண்ணு, ஆமோஸ். ரெண்டால போகும், அப்புறம் பத்தொம்பதாலதான் போகும். மூணு பேருக்கு வராது, நாலு பேருக்கு வராது, அஞ்சு பேருக்கும் வராது."

ஆமோஸ் பலகையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "நான் யாருக்கும் பங்கு போடப்போறதில்ல."